படிக்கத் தெரியாத மொழியில் ஒரு கடிதம்

(செம்பரம்பாக்கத்தில் நடைபெற்ற குறுவள மையக் கூட்டத்தில் பட்டதாரி ஆசிரியர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



இணைய வழி மொழிபெயர்ப்புக் கருவிகள் பற்றிப் பேசும்படி என்னைக் கேட்டுக்கொண்டார்கள். நான் கணினி ஆசிரியை இல்லை. தாவரவியலும் பி.எட்.டும் படித்துவிட்டு, ஆறு முதல் எட்டு வரை அறிவியல் பாடம் எடுப்பவள். ஆனால் இந்தக் கருவிகளால் ஒரு குழந்தையை ஒன்பது நாள் பள்ளிக்கு வராமல் செய்தவள் நான். அந்தத் தகுதியில்தான் இங்கே நிற்கிறேன். அதிலிருந்தே தொடங்குகிறேன்.

நம் பகுதியைப் பற்றி உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. இருங்காட்டுக்கோட்டை, திருப்பெரும்புதூர், ஒரகடம் என்று தொழிற்சாலைகள் நீண்டுகொண்டே போகின்றன. காலை ஏழு மணிக்கு நெடுஞ்சாலையில் நின்றால் கம்பெனிப் பேருந்துகளைத்தான் எண்ண வேண்டும். அந்தக் கட்டடங்களைக் கட்டியவர்களும், அவற்றுக்குச் செங்கல் அறுத்தவர்களும், உள்ளே சுமை தூக்குபவர்களும் ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் அசாமிலிருந்தும் வந்தவர்கள். அவர்கள் பிள்ளைகள் நம் வகுப்பில் உட்கார்ந்திருக்கிறார்கள்.

சில ஆண்டுகளுக்கு முன் அப்படி ஒரு மாணவி ஆறாம் வகுப்பில் சேர்ந்தாள். அவள் பெயரைச் சொல்லப் போவதில்லை. ஏன் என்பதைப் பின்னால் சொல்கிறேன். ஒடிசாவின் பலாங்கீர் மாவட்டத்துக் குடும்பம். அப்பாவும் அம்மாவும் செங்கல் சூளையில் வேலை. தை மாதம் வந்தார்கள். அந்தப் பெண் வாயே திறக்க மாட்டாள். வருகைப் பதிவேட்டில் பெயர் படித்தால் கையை மட்டும் தூக்குவாள்.

பிப்ரவரி 10, தேசியக் குடற்புழு நீக்க நாள். முந்தின நாள் மாலை பெற்றோர்களுக்குச் செய்தி அனுப்ப வேண்டும். தமிழில் எழுதினேன்: "நாளை குடற்புழு நீக்க மாத்திரை. சாப்பிட்ட பிறகு பிள்ளையை அனுப்பிவிடவும்." அந்தக் குடும்பத்துக்கும் போக வேண்டுமே என்று, கைப்பேசியில் இருந்த ஒரு மொழிபெயர்ப்புச் செயலியில் போட்டு, இந்தியில் வந்ததை அப்படியே ஒட்டி அனுப்பினேன். பெருமையாகக்கூட இருந்தது.

அடுத்த நாள் அவள் வரவில்லை. அதற்கு அடுத்த நாளும் இல்லை. ஊருக்குப் போயிருப்பார்கள் என்று நினைத்தேன். பத்தாம் நாள் சூளைக்கே போனேன். அவள் அங்கேதான் இருந்தாள், செங்கல்லைத் திருப்பிப் போட்டுக்கொண்டு.

நடந்தது இதுதான். அப்பாவுக்கு இந்தி படிக்க வராது. மேஸ்திரியிடம் கைப்பேசியைக் கொடுத்திருக்கிறார். மேஸ்திரி படித்துச் சொன்னது: "பிள்ளை வயிற்றில் புழு இருக்கிறதாம். சாப்பிட்டதும் அவளைத் திருப்பி அனுப்பிவிட வேண்டுமாம்." தன் பிள்ளைக்கு ஏதோ நோய் என்று பள்ளிக்கூடம் ஒதுக்கிவிட்டது என அந்த மனிதர் புரிந்துகொண்டிருக்கிறார். யாரிடம் வந்து கேட்பார்? எந்த மொழியில் கேட்பார்?

அன்று வீட்டுக்கு வந்து வெகுநேரம் யோசித்தேன். தவறு அந்தச் செயலியுடையது என்று சொல்லிவிடலாம். ஆனால் "அனுப்பிவிடவும்" என்று எழுதியது நான். எங்கே அனுப்ப வேண்டும் என்று நான் எழுதவில்லை. மாத்திரை எல்லாப் பிள்ளைகளுக்கும்தான் என்றும் எழுதவில்லை. எல்லாவற்றுக்கும் மேலாக, என்னால் படிக்க முடியாத மொழியில் ஒரு கடிதம் எழுதி, அதன் கீழே என் பெயரைப் போட்டேன். தமிழில் ஒரு வரி தவறாக இருந்தால் சுற்றறிக்கையைத் திருப்பி அனுப்புகிறவர்கள் நாம். இன்னொரு மொழி என்றதும் அந்தக் கவனம் நமக்கு எங்கே போய்விடுகிறது?

தொழில்முறை மொழிபெயர்ப்பாளர்கள் எப்படி வேலை செய்கிறார்கள் என்று அதன் பிறகுதான் தேடிப் பார்த்தேன்.

கருவி என்ன செய்கிறது?

அவர்கள் கைப்பேசிச் செயலியில் ஒட்டி, எடுத்து, அனுப்புவதில்லை. அவர்களிடம் வேறு வகைக் கருவி இருக்கிறது. இன்று அது பெரும்பாலும் மேகக் கணினியில் ஓடுகிறது. மேகம் என்றால் நம் ஏரியை நிரப்பும் மேகம் இல்லை. வேறெங்கோ இருக்கும் கணினியில் நம் வேலை சேமிக்கப்படுகிறது, நாம் இணைய உலாவியில் திறந்து செய்கிறோம், அவ்வளவுதான். ஒரே கோப்பில் நான்கு பேர் நான்கு ஊரிலிருந்து ஒரே நேரத்தில் வேலை செய்யலாம். யார் எந்த வரியை மாற்றினார்கள் என்பதும் பதிவாகும்.

அதைத் திறந்தால் திரை இரண்டு பத்தியாகத் தெரியும். இடப்பக்கம் மூலம், வலப்பக்கம் மொழிபெயர்ப்பு. கருவி மூலத்தை வாக்கியம் வாக்கியமாக வெட்டி வைத்திருக்கும். நீங்கள் ஒரு வாக்கியத்தை முடித்ததும் அந்த இணையைத் தன் நினைவில் வைத்துக்கொள்ளும். இதற்கு மொழிபெயர்ப்பு நினைவகம் என்று பெயர். ஆறு மாதம் கழித்து அதே வாக்கியம் வந்தால், "இதை ஏற்கெனவே செய்திருக்கிறீர்கள்" என்று எடுத்துக் கொடுக்கும். கொஞ்சம் மாறி வந்தால் எத்தனை விழுக்காடு பொருந்துகிறது என்று காட்டும். மாறிய சொல்லை மட்டும் நாம் திருத்தினால் போதும்.

இரண்டாவது, கலைச்சொல் பட்டியல். "மாற்றுச் சான்றிதழ்" என்பதற்கு ஒடியாவில் இதுதான் சொல் என்று ஒருமுறை முடிவு செய்து பட்டியலில் சேர்த்துவிட்டால், அந்தச் சொல் வரும் ஒவ்வொரு வாக்கியத்திலும் கருவி நினைவூட்டும். மூன்றாவது, சரிபார்ப்பு. மூலத்தில் 9.30 என்று இருந்து மொழிபெயர்ப்பில் 9.00 என்று இருந்தால் எச்சரிக்கும். வரி விடுபட்டாலும் சொல்லும். நான்காவது, பொறுப்புப் பிரிவினை. மொழிபெயர்ப்பவர் ஒருவர், சரிபார்ப்பவர் வேறொருவர். இரண்டாமவர் ஒப்புதல் தராமல் எதுவும் வெளியே போகாது.

இப்போது இயந்திர மொழிபெயர்ப்பும் இதற்குள்ளேயே ஐந்தாவதாக வந்துவிட்டது. அது வரைவு தரும். ஆனால் அது வரைவு மட்டும்தான். நான் செய்த தவறு, வரைவை முடிவு என்று எடுத்துக்கொண்டது.

இந்த யோசனை புதியது இல்லை. மார்ட்டின் கே என்ற மொழியியலாளர் 1980இலேயே, மொழிபெயர்ப்பில் இயந்திரத்துக்கு உரிய இடம் எது, மனிதருக்கு உரிய இடம் எது என்று ஒரு கட்டுரை எழுதினார். இயந்திரம் மனிதரை விலக்க வேண்டாம். சலிப்பூட்டும் வேலையை அது செய்யட்டும், முடிவை மனிதர் எடுக்கட்டும் என்பது அதன் சாரம். கனடாவில் 1977 முதல் 'மெட்டியோ' என்ற நிரல் வானிலை அறிக்கைகளை ஆங்கிலத்திலிருந்து பிரெஞ்சுக்கு மொழிபெயர்த்தது. அந்தக் காலத்துக் கணினியில் அது எப்படி முடிந்தது? வானிலை அறிக்கையில் வரும் சொற்கள் குறைவு. வாக்கியங்கள் திரும்பத் திரும்ப வருபவை. இதைப் படித்தபோது எனக்குத் தோன்றியது: நம் பள்ளிச் சுற்றறிக்கையும் வானிலை அறிக்கை மாதிரிதானே! ஆண்டு முழுவதும் நாம் பெற்றோருக்குச் சொல்வது எத்தனை வாக்கியம்?

தமிழுக்கு நேர்ந்த ஓர் அனுபவம்

நாங்கள் என்ன செய்தோம் என்று சொல்வதற்கு முன், தமிழிலேயே நடந்த ஒன்றைச் சொல்ல வேண்டும். இந்தக் கருவிகளைப் பற்றி நான் கற்றதில் முக்கியமான பாடம் அது.

தமிழ் விக்கிப்பீடியா 2003இல் தொடங்கியது. சம்பளம் இல்லாமல் தன்னார்வலர்கள் எழுதி வளர்த்த கலைக்களஞ்சியம். நம்மில் பலரும் அதில் பாடக் குறிப்பு எடுத்திருப்போம். சில ஆசிரியர்கள் எழுதியும் இருக்கிறார்கள். 2009இல் கூகுள் நிறுவனம் மொழிபெயர்ப்பாளர்களுக்கான ஓர் இணையக் கருவியை வெளியிட்டது. நான் மேலே சொன்ன இரண்டு பத்தித் திரை, நினைவகம், சொற்பட்டியல் எல்லாம் அதில் உண்டு. அதைப் பயன்படுத்தி, சம்பளம் பெறும் மொழிபெயர்ப்பாளர்களைக் கொண்டு, ஆங்கில விக்கிப்பீடியாக் கட்டுரைகளைத் தமிழ் உள்ளிட்ட பல மொழிகளுக்குக் கொண்டுவரும் திட்டத்தையும் அந்நிறுவனம் நடத்தியது.

நீளமான கட்டுரைகள் வந்து சேர்ந்தன. ஆனால் தமிழ் விக்கிப்பீடியர்கள் மகிழவில்லை. வாக்கியங்கள் ஆங்கில அச்சில் வார்த்தது போல் இருந்தன. ஒரே பெயர் ஒரே கட்டுரையில் பல விதமாக எழுதப்பட்டிருந்தது. எந்தத் தலைப்பு தமிழ் வாசகருக்குத் தேவை என்று யாரும் கேட்கவில்லை. பிழையைச் சுட்டி எழுதினால், கட்டுரையைப் போட்டவர் திரும்பி வந்து பதில் சொல்வதில்லை. வங்காள மொழி விக்கிப்பீடியர்கள் இப்படிப்பட்ட கட்டுரைகள் வேண்டாம் என்றே மறுத்துவிட்டார்கள். தமிழ் விக்கிப்பீடியர்கள் பேச்சுவார்த்தை நடத்தினார்கள். தலைப்புகளைத் தாங்களும் பரிந்துரைக்க வேண்டும், பிழைகளை எழுதியவர்களே திருத்த வேண்டும் என்று கேட்டார்கள். 2010இல் போலந்து நாட்டின் கிதான்ஸ்க் நகரில் நடந்த விக்கிமேனியா மாநாட்டில், இந்த அனுபவத்தை ஒரு தமிழ் விக்கிப்பீடியர் ஆய்வுரையாகவே முன்வைத்தார்.

கருவியில் குறை இல்லை, பணத்துக்கும் குறை இல்லை. படிக்கப் போகிறவர்களைக் கேட்கவில்லை என்பதுதான் குறை. நான் அந்தச் சூளைத் தொழிலாளிக்குச் செய்ததும் அதேதான், சிறிய அளவில்.

அந்தக் கருவி 2019 டிசம்பர் 4ஆம் நாள் நிறுத்தப்பட்டது. அதில் பல ஆண்டுகள் சேர்த்த நினைவகத்தைப் பதிவிறக்கி வைத்துக்கொண்டவர்களுக்கு அது மிஞ்சியது. இது நமக்கும் பாடம். மேகத்தில் இருப்பது நம் வீட்டுப் பீரோவில் இருப்பது போல் ஆகாது. நினைவகத்தை ஒரு கருவியிலிருந்து இன்னொரு கருவிக்குக் கொண்டுபோக டி.எம்.எக்ஸ். என்ற பொது வடிவம் 1990களின் இறுதியிலிருந்தே இருக்கிறது. எந்தக் கருவியை எடுத்தாலும், அந்த வடிவில் வெளியே எடுக்க முடியுமா என்று முதலில் பாருங்கள்.

எங்கள் பள்ளியில் செய்தது

நானும் இன்னும் மூன்று ஆசிரியர்களும் உட்கார்ந்து, ஓராண்டில் பெற்றோர்களுக்கு அனுப்பிய செய்திகளை எல்லாம் எடுத்துப் பார்த்தோம். நூற்றுக்கணக்கில் இருந்தன. ஆனால் தேதியையும் நேரத்தையும் எடுத்துவிட்டால், அறுபது வாக்கியங்களுக்குள் அடங்கின. பள்ளி உண்டு, இல்லை. மேலாண்மைக் குழுக் கூட்டத்துக்கு வரவும். ஆதார் நகல் தரவும். மருத்துவ முகாம். காலை உணவு இத்தனை மணிக்கு. மழை காரணமாக விடுமுறை. இவ்வளவுதான்!

இலவசமாகக் கிடைத்த ஒரு மேகக் கருவியில் அந்த அறுபதையும் ஏற்றினோம். மேட்கேட், வெப்லேட் போன்று திறமூலமாகவே கிடைக்கும் கருவிகள் உண்டு. இணையம் வேண்டாம் என்றால் கணினியிலேயே நிறுவிக்கொள்ளும் ஒமேகா-டி இருக்கிறது. விலை கொடுத்து வாங்க வேண்டிய தேவை நமக்கு இல்லை. தொடக்கத்தில் மூன்று பத்தி போட்ட ஒரு விரிதாள்கூடப் போதும். முறைதான் முக்கியம்.

முதல் வேலை, மொழிபெயர்ப்பது இல்லை. நம் தமிழைத் திருத்துவது. "அனுப்பிவிடவும்" போய், "உங்கள் பிள்ளை காலையில் வீட்டில் சாப்பிட வேண்டும். பிறகு பள்ளிக்கு வர வேண்டும். எல்லாப் பிள்ளைகளுக்கும் மாத்திரை தருகிறோம். இது குடற்புழுவை நீக்கும் மாத்திரை" என்று ஆனது. ஒரு வாக்கியத்தில் ஒரு செய்தி. யார், எங்கே, எப்போது என்பது வெளிப்படையாக இருக்க வேண்டும். இப்படி எழுதத் தொடங்கியபின் தமிழ்ப் பெற்றோர்களே, "டீச்சர், இப்பல்லாம் நீங்க போடுறது நல்லாப் புரியுது" என்றார்கள். அதுவரை புரியாமல்தான் இருந்திருக்கிறது!

இரண்டாவது, சொற்பட்டியல். இங்கேதான் பல வேடிக்கைகள். நமக்கு விடுமுறை வேறு, விடுப்பு வேறு. பள்ளி மூடியிருந்தால் விடுமுறை. பிள்ளை வராவிட்டால் விடுப்பு. இந்தியில் இரண்டுக்கும் பேச்சில் 'சுட்டி'தான். "விடுப்புக் கடிதம் தரவும்" என்றால், விடுமுறைக்கு எதற்குக் கடிதம் என்று குழம்புகிறார்கள். "பிள்ளை வராத நாளுக்குக் காரணம் எழுதித் தரவும்" என்று மாற்றினோம். இந்தியில் நாளைக்கும் 'கல்', நேற்றைக்கும் 'கல்'. வினைச்சொல் இருந்தால்தான் வேறுபாடு தெரியும். எனவே "நாளை" என்று எழுதுவதையே நிறுத்திவிட்டோம். தேதியும் கிழமையும் போடுவோம்.

தமிழாசிரியர்கள் மகிழும் செய்தி ஒன்று உண்டு. கருவி எழுத்தைத்தான் பார்க்கும், பொருளை அல்ல. ஒருவர் "மாற்றுச் சான்றிதழ்" என்று வல்லினம் மிகுத்து எழுதுகிறார். இன்னொருவர் "மாற்று சான்றிதழ்" என்று விட்டுவிடுகிறார். கருவிக்கு இரண்டும் வேறு வேறு சொல். பட்டியலில் "படிவம்" என்று வைத்தால், வாக்கியத்தில் "படிவத்தில்" என்று வரும்போது பல கருவிகள் அடையாளம் காண்பதில்லை. வேற்றுமை உருபு ஏறும்போது சொல்லின் முடிவே மாறிவிடுகிறதல்லவா? "மு.ப. 9.30" என்று எழுதினால், புள்ளியைப் பார்த்து வாக்கியம் முடிந்தது என்று வெட்டிவிடும் கருவியும் உண்டு. "காலை 9.30 மணி" என்று எழுதினோம், சரியாயிற்று. சந்திப்பிழை பற்றி எங்கள் தமிழாசிரியை இருபது ஆண்டுகளாகச் சொல்லிக் கேட்காத நாங்கள், இந்தக் கருவிக்காகத் திருந்தினோம்.

எண் சரிபார்ப்பின் அருமையை இந்த ஊர்க்காரர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. 2015 டிசம்பருக்குப் பிறகு, மழைக்காலத்தில் நாம் காலையில் முதலில் பார்ப்பது ஏரியின் நீர்மட்டத்தை. முழுக் கொள்ளளவு 24 அடி. 22 என்று செய்தி வந்தால் ஒரு மாதிரி, 20 என்றால் வேறு மாதிரி. ஓர் இலக்கம் மாறினால் தாழ்வான பகுதியில் குடியிருக்கும் குடும்பம் தவறான முடிவெடுக்கும். அந்த ஓர் இலக்கத்தைக் கருவி நம்மைவிடக் கவனமாகப் பார்க்கிறது.

ஆனால் எல்லாவற்றிலும் கடினம் மூன்றாவது வேலைதான்: சரிபார்க்கும் மனிதர். எங்கள் நான்கு பேரில் யாருக்கும் ஒடியா தெரியாது. கடைசியில், எங்கள் பள்ளியிலேயே இரண்டாம் வகுப்புப் படிக்கும் ஒரு பையனின் தாய் கிடைத்தார். ஊரில் பத்தாம் வகுப்பு வரை படித்தவர். சனிக்கிழமை மதியம் வந்து உட்கார்ந்தார். கருவி தந்த ஒடியா வரைவைப் படித்துவிட்டுச் சிரித்தார். "இது பரீட்சைப் பேப்பர் மாதிரி இருக்கு. எங்க ஊர்ல யாரும் இப்படிப் பேசமாட்டாங்க" என்று, தெரிந்த இந்தியிலும் தெரியாத தமிழிலும் சொன்னார்.

அப்போதுதான் தெரிந்தது. பலாங்கீர், நுவாபடா போன்ற மேற்கு ஒடிசா மாவட்டங்களில் வீட்டில் பேசுவது சம்பல்பூரி. பள்ளிப் புத்தக ஒடியா அவர்களுக்கே கொஞ்சம் தள்ளி நிற்பது. அதோடு, சூளைக்கு வரும் பெற்றோரில் பலருக்கு எந்த எழுத்தும் படிக்க வராது. நாங்கள் அறுபது வாக்கியங்களை அழகாக மொழிபெயர்த்து வைத்து என்ன பயன்? அந்தத் தாயே வழி சொன்னார்: ஒவ்வொரு வாக்கியத்தையும் அவர் குரலில் பதிவு செய்தோம். எழுத்தோடு குரல்பதிவும் போகிறது. ஒன்றிய அரசின் பாஷினி திட்டமும், சென்னை ஐ.ஐ.டி.யின் ஏ.ஐ.4பாரத் குழுவும் இந்திய மொழிகளுக்கான மொழிபெயர்ப்பு, பேச்சுக் கருவிகளை உருவாக்கி வருகின்றன. அட்டவணையில் உள்ள 22 மொழிகளையும் தொட்டிருக்கிறார்கள். நல்ல முன்னேற்றம். ஆனால் சம்பல்பூரி அந்த 22இல் இல்லை. அந்த இடைவெளியை இப்போதைக்கு ஒரு தாயின் குரல்தான் நிரப்புகிறது.

வகுப்பறைக்குள்

அந்த ஆறாம் வகுப்பு மாணவியைப் பற்றிச் சொல்லி முடிக்கவில்லை. சூளைக்குப் போன நாளில், உடைந்த இந்தியில் நான் அவள் அப்பாவிடம் மன்னிப்புக் கேட்டேன். அடுத்த நாள் அவள் வந்தாள். ஆனால் பழையபடி மௌனம்.

பிரதம் புக்ஸ் நிறுவனம் 2015இல் தொடங்கிய ஸ்டோரிவீவர் தளம் உங்களில் பலருக்குத் தெரிந்திருக்கும். படக்கதைகள் திறந்த உரிமத்தில் கிடைக்கின்றன. யார் வேண்டுமானாலும் தம் மொழிக்கு மாற்றலாம். நான் சொன்ன தொழில்முறைக் கருவிகளின் எளிய வடிவம் என்றே அதைச் சொல்லலாம்: படம், பக்கத்தில் மூலக் கதை, கீழே நீங்கள் எழுத ஒரு பெட்டி. ஒரு முதல்நிலைக் கதையை வகுப்பில் திரையிட்டேன். பக்கத்துக்கு இரண்டு வரிதான். தமிழில் படித்தோம். பிறகு, "இந்தப் படத்துல இருக்கிற இதுக்கு உங்க வீட்ல என்ன சொல்வீங்க?" என்று வகுப்பைப் பார்த்துக் கேட்டேன். தெலுங்கு பேசும் பையன் சொன்னான். பீகார்ப் பையன் சொன்னான். அவளைப் பார்த்தேன். மெதுவாக ஒரு சொல் சொன்னாள். எனக்குச் சரியாகக் கேட்கவில்லை. "இன்னொரு தடவை சொல்லும்மா" என்றேன். சொன்னாள். கரும்பலகையில் தமிழ் எழுத்தில் எழுதினேன். அவள் தலையாட்டி, எழுந்து வந்து, என் கையிலிருந்த சாக்பீஸை வாங்கி, நெடில் குறியை அழித்துக் குறிலாக்கினாள்.

தமிழ் எழுத்து அவளுக்குத் தெரிந்திருந்தது. இத்தனை நாள் நான் கேட்கவில்லை, அவ்வளவுதான்.

அந்த ஆண்டு முடிவதற்குள் வகுப்புச் சுவரில் ஒரு பட்டியல் வளர்ந்தது. அறிவியல் பாடச் சொற்கள் தமிழில். எதிரே அந்தந்தப் பிள்ளையின் வீட்டு மொழியில், தமிழ் எழுத்தில். இலை, வேர், விதை, நீராவி, நிழல். ஒவ்வொரு சொல்லுக்கும் பொறுப்பாளர் ஒரு மாணவர். தொழில்முறைக் கருவியில் சொற்பட்டியல் நிர்வாகி என்று ஒருவர் இருப்பார். எங்கள் வகுப்பில் அந்த வேலையை அவள் எடுத்துக்கொண்டாள். ஒரு சொல் தவறு என்றால் அடுத்தவர் பட்டியலிலும் போய்த் திருத்துவாள். வைகாசியில் சூளை வேலை முடிந்து குடும்பம் ஊருக்குப் போனது. எமிஸில் அவள் பெயருக்கு என்ன ஆயிற்று என்பது உங்களுக்குத் தெரியும். பட்டியல் மட்டும் சுவரில் இருக்கிறது.

யாழ்ப்பாணத்து மானிப்பாயில் சாமுவேல் ஃபிஸ்க் கிரீன் என்ற அமெரிக்க மருத்துவர் 19ஆம் நூற்றாண்டில் தமிழிலேயே மருத்துவம் கற்பித்தார். 1847இல் யாழ்ப்பாணம் வந்தவர். தம் மாணவர்களின் துணையோடு மருத்துவ நூல்களைத் தமிழாக்கினார், கலைச்சொற்களைத் தொகுத்தார். கற்பவர்களையே மொழிபெயர்ப்பில் சேர்த்துக்கொண்டால் இருவரும் கற்கிறார்கள் என்பதற்கு அவர் பழைய சான்று. இன்று நமக்குத் தமிழ்க் கலைச்சொல் தேவைப்பட்டால், நம் அரசின் அகரமுதலித் திட்ட இயக்ககம் நடத்தும் சொற்குவைத் தளம் இருக்கிறது. சொல்லை நாமே புதிதாகக் கண்டுபிடிக்கும் முன் அதில் ஒருமுறை தேடிவிடலாம்.

எச்சரிக்கைகள்

கடைசியாக, நான் தவறு செய்து கற்றவற்றை வரிசையாகச் சொல்லிவிடுகிறேன்.

குழந்தையின் பெயர், எமிஸ் எண், ஆதார் எண், மருத்துவ விவரம், சாதி, தொலைபேசி எண் எதையும் இந்தக் கருவிகளில் ஏற்றாதீர்கள். இலவசக் கருவியில் நாம் தட்டுவது எங்கே சேமிக்கப்படுகிறது, எதற்குப் பயன்படுகிறது என்பது நம் கையில் இல்லை. 2023ஆம் ஆண்டின் எண்ம முறைத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 18 வயது நிறையாதவர்களைக் குழந்தைகளாகக் கருதி, அவர்கள் தரவுக்குப் பெற்றோர் ஒப்புதலைக் கேட்கிறது. பெயர் வரும் இடத்தில் புள்ளி வைத்துக்கொள்ளுங்கள். மொழிபெயர்த்த பிறகு கையால் நிரப்புங்கள். அந்த மாணவியின் பெயரை நான் இங்கே சொல்லாததும் இதனால்தான். அவள் கதையைச் சொல்ல எனக்கு எவ்வளவு உரிமை இருக்கிறது என்று இன்னும் எனக்கு நிச்சயமில்லை.

மாணவர்களைச் சொல் கேட்கப் பயன்படுத்தலாம். தூது போகப் பயன்படுத்தக் கூடாது. அப்பாவின் குடிப்பழக்கத்தையோ அம்மாவின் நோயையோ பற்றி நாம் பேசும்போது, நடுவில் பத்து வயதுப் பிள்ளையை மொழிபெயர்ப்பாளராக நிறுத்துவது கொடுமை. அதற்குப் பெரியவர் ஒருவரைத் தேடுங்கள்.

நினைவகம் நல்லதை மட்டும் நினைவில் வைப்பதில்லை, பிழையையும் அதே பற்றோடு வைத்துக்கொள்ளும். ஒருமுறை தவறாக ஒப்புதல் தந்த வாக்கியம் ஆண்டுதோறும் நூறு விழுக்காடு பொருந்துகிறது என்ற பெருமையோடு வந்து நிற்கும். எங்கள் நினைவகத்திலும் அப்படி ஒன்று இருந்தது. "கட்டணம் இல்லை" என்பதில் "இல்லை" விடுபட்டு, மொழிபெயர்ப்பு "கட்டணம் உண்டு" என்று போயிருந்தது. கருவி எண்ணைச் சரிபார்த்தது, எதிர்மறையைப் பார்க்கவில்லை. இரண்டு மாதம் கழித்து, அந்தத் தாய்தான் கண்டுபிடித்தார். ஏரியில் சேரும் நீரைப் போல, உள்ளே வருவதைக் கவனிக்காவிட்டால் தேங்கியதெல்லாம் கெட்டுவிடும். எனவே கோடை விடுமுறைக்கு முன் ஒருமுறை எல்லா வாக்கியங்களையும் திரும்பப் படிக்கிறோம்.

இன்னொன்று. அந்தத் தாய்க்கு நாங்கள் ஒன்றும் தருவதில்லை, தேநீரும் நன்றியும்தான். உலகத்தில் இந்த வேலைக்குச் சொல்லுக்கு இவ்வளவு என்று கூலி உண்டு. நம் குறுவள மையத்துக்கு ஒருவர் என்று, மதிப்பூதியத்தோடு இப்படிப் பெற்றோரை அமர்த்த முடியுமானால், பத்துப் பள்ளிகளுக்கு ஒரே நினைவகம் போதும். எங்கள் அறுபது வாக்கியங்களை உங்கள் பள்ளியும், உங்களுடையதை நாங்களும் எடுத்துக்கொள்ளலாம். மேகக் கருவியின் உண்மையான பயன் அதுதான். இந்த வேண்டுகோளை ஆசிரியப் பயிற்றுநர் அவர்கள் மேலே எடுத்துச் செல்ல வேண்டும் என்று பணிவோடு கேட்டுக்கொள்கிறேன்.

உங்களிடம் நான் கேட்பது ஒன்றே ஒன்று. திங்கட்கிழமை வகுப்புக்குப் போனதும், வீட்டில் தமிழ் பேசாத பிள்ளைகள் எத்தனை பேர், என்ன மொழி என்று ஒரு தாளில் எழுதுங்கள். இந்தி என்று எழுதிவிடாதீர்கள், கேட்டு எழுதுங்கள். பிறகு, கடைசியாக அந்த வீட்டுக்கு நீங்கள் அனுப்பிய செய்தியை எடுத்து, அந்த மொழி தெரிந்த ஒருவரிடம் கொடுத்து, "இதில் என்ன எழுதியிருக்கிறது?" என்று மட்டும் கேளுங்கள்.

நான் அதை ஒன்பது நாள் தாமதமாகக் கேட்டேன்.